விடுமுறைப் பட்டியலோடு வார விடுமுறையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினால் தங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் ‘சென்னையில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ வந்துவிடுகிறது. இடத்தின் பெயர், அழகான படம், இரண்டு வரி வரலாறு. அதை வெட்டி வைத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு முதலில் தேவைப்படும் தகவல் அதில் இருப்பதில்லை. என்றைக்குப் பூட்டியிருக்கும், எப்படிப் போவது, உள்ளே எதை முதலில் பார்ப்பது, எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்ற நான்கும் தெரியாமல் போகிறவர்களில் சிலர் பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மற்றவர்கள் ஒரே நாளில் நாலு இடம் ஓடி, எதுவும் மனதில் நிற்காமல், களைத்து அழும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்கிறார்கள். “மியூசியத்தில் என்ன இருக்கிறது, எல்லாம் கல்லும் எலும்பும்தான்” என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. குறை மியூசியத்தில் இல்லை, போன விதத்தில் இருக்கிறது.

முதலில் வார விடுமுறை. சென்னையில் இதற்குப் பொதுவான நாள் கிடையாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, அதை ஒட்டியிருக்கும் பாம்புப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா ஆகியவற்றுக்குச் செவ்வாய். மெரினா கலங்கரை விளக்கம், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகம், வடநெம்மேலி முதலைப் பண்ணை மூன்றுக்கும் திங்கள். அடையாறு பிரம்மஞான சபை வளாகம் ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. மற்ற நாட்களிலும் காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம்தான். ஆகவே புதன், வியாழன், சனி ஆகிய மூன்றுதான் ஏறக்குறைய எல்லாம் திறந்திருக்கும் நாட்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேசிய விடுமுறை நாட்களில் எழும்பூர் அருங்காட்சியகம் மூடியிருக்கும். அலுவலகம் போகிறவர்கள் ‘லீவுதானே’ என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்புவதும் அதே நாட்களில்தான். காணும் பொங்கலன்று நிலைமை வேறு. அன்றைக்கு வண்டலூர், கிண்டி, மாமல்லபுரம், மெரினா நான்கிலும் கூட்டம் நெரியும். சிறு குழந்தையோ முதியவர்களோ உடன் இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

கோயில்களையும் வரலாற்று இடங்களாகப் பார்க்க வருகிறவர்கள் நடைநேரத்தை மறந்துவிடுகிறார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலும் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சென்னை நகருக்குள் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அதுவும் ஒன்று. காலை எட்டு மணிக்குப் போனால் நிதானமாகப் பார்க்கலாம். அப்படியே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த இல்லத்துக்கும் நடந்துவிடலாம். பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கினால் போதும்.

அரை நாளுக்கு ஓர் இடம், அதற்கு மேல் வேண்டாம். சொல்வதற்கு எளிதாகத் தெரிந்தாலும் கடைப்பிடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்வோம். 1851-இல் தொடங்கி, 1854-இல் இப்போதுள்ள பாந்தியன் சாலை வளாகத்துக்கு வந்தது. ஆறு கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். ஒரு கூடத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலே ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். திறந்திருப்பதோ காலை 9.30 முதல் மாலை 5 வரை, அதே ஏழரை மணி நேரம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தால் தோல்வி நிச்சயம். மூன்றே மூன்று கூடங்களைத் தேர்ந்துகொண்டு, காலை 9.30-க்கே போய், பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். மின்சார ரயிலோ மெட்ரோவோ எதில் வந்தாலும் எழும்பூரில் இறங்கி நடக்கும் தூரம்தான்.

முதலில் வெண்கலக் கூடம். அது தனிக் கட்டடம். காலையில் மனம் தெளிவாக இருக்கும்போதே அங்கு போய்விட வேண்டும். கடைசியில் வைத்துக்கொண்டால் பிள்ளைகள் எல்லாச் சிலையும் ஒன்றுபோல இருக்கிறது என்பார்கள். திருவாலங்காட்டு நடராஜரின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்கட்டும். வழக்கமாக நடராஜரைச் சுற்றியிருக்கும் தீச்சுடர் வளையமான திருவாசி இந்தச் சிலைக்கு இப்போது இல்லை. பறக்கும் சடையும் இல்லை. அதனால்தான் உடலின் வளைவும், தூக்கிய காலின் சமநிலையும், நான்கு கைகள் போகும் திசையும் தெளிவாகக் கண்ணில் படுகின்றன. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர் திருவாலங்காடு என்று ஒரு வரி சொன்னால், அரக்கோணம் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் பிள்ளைக்கு அந்தச் சிலை நினைவுக்கு வரும்.

அடுத்து திருவெண்காட்டு அர்த்தநாரி. எத்தனை கை என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று. வலப்புறம் சிவனுக்கு இரண்டு, இடப்புறம் உமைக்கு ஒன்று. இடையும் தோளும் ஆடையும் இரண்டு பக்கமும் எப்படி மாறுகின்றன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு எந்தச் சிலையானாலும் பீடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கங்களில் ஓட்டைகளோ வளையங்களோ இருக்கும். உற்சவத்தின்போது தண்டு கோத்துத் தூக்குவதற்காக வைத்தவை அவை. கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் இந்தச் சிலைகள் ஒரு காலத்தில் தெருவில் புறப்பாடு கண்டவை. முகம் சற்றே மழுங்கியிருந்தால் அது நெடுங்கால அபிஷேகத்தின் தேய்மானமாக இருக்கலாம்.

வார்க்கும் முறையைச் சொல்லாமல் வெண்கலக் கூடத்தைப் பார்ப்பதில் பாதிப் பயன்தான். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து சிலையை முதலில் மெழுகிலேயே முழுமையாகச் செய்வார்கள். அதன் மேல் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி, உலர்ந்த பின் கனமான மண்ணை அப்புவார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண் அச்சை உடைத்து எடுப்பார்கள். அச்சு உடைந்துபோவதால் ஒரு மெழுகு உருவுக்கு ஒரே ஒரு சிலைதான். கூடத்தில் உள்ள ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்று என்பது புரிந்த பிறகு பிள்ளைகள் பார்க்கும் பார்வையே மாறிவிடும். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த 350-க்கும் மேற்பட்ட பௌத்தச் செம்பு உருவங்களில் பலவும் இந்த அருங்காட்சியகத்துக்குத்தான் வந்தன. சோழர் காலத்து நாகையில் பௌத்தம் இருந்ததற்கு அவையே கண்கூடான சாட்சி.

இரண்டாவது, அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் பலகைகள். பலரும் பளிங்கு என்கிறார்கள், உண்மையில் வெளிறிய சுண்ணாம்புக் கல். இவற்றில் ஒரு பகுதி 19-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனுக்குப் போய்விட்டது. மீந்தவற்றில் பல இங்கே இருக்கின்றன. நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் மதம் பிடித்து மனிதர்களை மிதித்துத் தள்ளுகிறது. மறுபக்கம் புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. மேலே சாளரங்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பழைய பலகைகளில் புத்தரின் உருவமே இருக்காது. வெற்று ஆசனம், பாதச் சுவடு, போதி மரம் இவைதான் அவரைக் குறிக்கும். இந்தக் கல் மென்மையானது, உப்புக்கும் ஈரத்துக்கும் பொரிந்துபோகக்கூடியது. ஆகவே கை வைக்கக்கூடாது என்பதைக் கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். உள்ளே போன பிறகு அதட்டுவது வீண்.

மூன்றாவதாக, வரலாற்றுக்கு முந்தைய காலம். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்ததிலிருந்துதான் இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்குகிறது. விமான நிலையத்துக்கு அருகே, நாம் தினமும் கடந்துபோகும் அதே பல்லாவரம். அவர் சேகரித்த கருவிகளை அருங்காட்சியகம் பிற்பாடு வாங்கிக்கொண்டது. திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளில் மிகப் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவியல் முறையில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளும் வெண்கலப் பொருட்களும் இங்கேதான் இருக்கின்றன. கீழடியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு இந்தக் கூடம் கட்டாயம் பிடிக்கும்.

இந்த மூன்றுக்கும் பிறகு பிள்ளைகளுக்குத் தெம்பு மீதியிருந்தால் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டலாம். பழைய மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சிச் சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொன்னது வெறும் வேடிக்கையில்லை. அந்த மிருகக்காட்சிச் சாலை 1855-இல் இதே அருங்காட்சியக வளாகத்தில்தான் பிறந்தது. பிறகு சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. வெளியே வரும்போது கன்னிமாரா நூலகத்தின் முகப்பையும், 1906-இல் அடிக்கல் நாட்டிய தேசியக் கலைக்கூடத்தின் செந்நிற முகப்பையும் நின்று பார்க்கலாம்.

கோட்டைக்குச் சனி அல்லது ஞாயிறு போவதே சரி. வேலை நாட்களில் தலைமைச் செயலகத்துக்கு வருகிற வாகனமும் ஆளும் அதிகம். சட்டமன்றம் நடக்கும் நாட்களில் கெடுபிடி இன்னும் கூடும். பெரியவர்கள் எல்லாரும் ஆதார் போன்ற புகைப்பட அடையாள அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். பைகளைச் சோதிப்பார்கள் என்பதால் மூட்டை முடிச்சு வேண்டாம். மின்சார ரயிலானாலும் பறக்கும் ரயிலானாலும் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். அருங்காட்சியகத்தைத் தொல்லியல் துறை நடத்துகிறது. இந்தியர்களுக்கு டிக்கெட் 25 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 20. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி உள்ளே இருக்கிறது. வேறு எதையும் பார்க்க நேரமில்லை என்றாலும் அதைப் பார்க்காமல் வரக்கூடாது. சற்றுத் தள்ளி புனித மேரி தேவாலயம், 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. ராபர்ட் கிளைவ் 1753-இல் மணமுடித்தது இங்கேதான். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரையைக் கனத்த வளைவாகக் கட்டியிருப்பதை உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். அது முடிந்த பின் போவதே மரியாதை.

வெளியிடங்களுக்கு வெயில்தான் எசமான். ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை பூங்காவிலோ பாறையிலோ பிள்ளைகளை நடக்க விடக்கூடாது. காலையில் வெளியிடம், நண்பகலில் கூரைக்குக் கீழே இருக்கும் இடம், மாலையில் கடற்கரை என்று வரிசை வைத்துக்கொண்டால் நாள் நன்றாக ஓடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிள்ளைகளுக்குத் தொப்பி, ஒரு டப்பாவில் தயிர் சாதமோ எலுமிச்சைச் சாதமோ போதும். எவர்சில்வர் பாட்டில், டப்பாவே நல்லது. பூங்கா வாசல்களில் பிளாஸ்டிக் பைகளைத் தடுத்துவிடுவார்கள்.

வண்டலூர் 602 ஹெக்டேர். இதை நடந்தே முழுதாகப் பார்ப்பேன் என்பது வீம்பு. திறக்கும் நேரமான ஒன்பது மணிக்கே போய், பேட்டரி காருக்கும் சஃபாரிக்கும் டிக்கெட் இருக்கிறதா என்று முதல் வேலையாகக் கேட்டுவிடுங்கள். மற்றதைப் பார்த்துவிட்டு மதியம் கவுண்டருக்குப் போனால் அங்கே வரிசை நீண்டிருக்கும். புலியும் சிங்கமும் காலையில்தான் நடமாடும். உச்சி வெயிலில் நிழலில் படுத்துவிடும். “ஒன்றுமே அசையவில்லை” என்று குறைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு மணிக்கு மேல் போனவர்கள்தான். கண்ணாடியைத் தட்டுவதும் கூச்சல் போடுவதும் விலங்கை இன்னும் உள்ளே விரட்டும். புயல் மழைக்காலத்தில் போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலில் மரங்கள் சாய்ந்து பூங்கா நீண்ட நாள் மூடிக்கிடந்தது. வண்டலூர் ரயில் நிலையமும் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் அருகிலேயே இருப்பதால் காரில் போய் ஜி.எஸ்.டி. சாலையில் நிற்க வேண்டியதில்லை.

சிறு குழந்தைகளுக்கு வண்டலூரை விடக் கிண்டிதான் ஏற்றது. தேசியப் பூங்கா 270 ஹெக்டேர், ஊருக்கு நடுவில் வெளிமானும் புள்ளிமானும் மேயும் காடு. பொதுமக்கள் போகக்கூடியது சிறுவர் பூங்காவுக்கு மட்டும். பாம்புப் பண்ணையும், காந்தி மண்டபமும், ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களும் பக்கத்திலேயே இருப்பதால் அரை நாள் சரியாக நிறையும்.

மாமல்லபுரத்துக்கு முழு நாள் தேவை. வேறு இடத்தோடு சேர்க்கக்கூடாது. காலை ஆறு மணிக்குத் திறந்துவிடுகிறார்கள். தொல்லியல் துறை டிக்கெட் 40 ரூபாய், இணையத்தில் 35. ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் அதே டிக்கெட்தான் என்பதால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதலில் ஐந்து ரதம். அங்கே நிழல் குறைவு. ஒற்றைப் பாறைகளை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதை, அடிப்பகுதி முடியாமல் நிற்பதைக் காட்டியே விளக்கலாம். பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. பிறகு அர்ஜுனன் தபசு. யானைக்கு அருகில் கீழே ஒரு பூனை, பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் கூப்பித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். கடற்கரைக் கோயிலை மாலை வெயிலில் வைத்துக்கொள்ளலாம். கோயிலை ஒட்டிய கடலில் மட்டும் இறங்க வேண்டாம். பாறையும் இழுவையும் உள்ள இடம் அது.

பழைய சுவரிலும் சிற்பத்திலும் பெயரைக் கீறுகிறவர்களை அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். கீறிய கல்லை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர எந்தச் சிற்பியாலும் முடியாது.

மெட்ரோ நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். எழும்பூர், உயர் நீதிமன்றம், கிண்டி நிலையங்களின் வெளியேறும் வழிகளில் அருகிலுள்ள அருங்காட்சியகம், நினைவிடம், பூங்கா ஆகியவற்றின் பெயரோடு வார விடுமுறையையும் தமிழில் எழுதிய ஒரு பலகை வைத்தால், பூட்டிய வாசலுக்குப் போய்த் திரும்பும் கூட்டம் பாதியாகக் குறையும்.

தங்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. அடுத்த விடுமுறைப் பக்கத்தில் ஒவ்வொரு இடத்தின் படத்துக்குக் கீழேயும் இந்த அளவுக்கு அச்சிடுங்கள்: ‘எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் இல்லை. காலை 9.30 முதல் மாலை 5 வரை. பாந்தியன் சாலை, எழும்பூர் ரயில், மெட்ரோ நிலையங்களிலிருந்து நடக்கலாம். முதலில் வெண்கலக் கூடம், பிறகு அமராவதி. இரண்டரை மணி நேரம்.’ பத்து இடங்களுக்குப் பதிலாக ஐந்து இடங்களைப் போட்டால் இதற்கு இடமும் கிடைத்துவிடும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
புரசைவாக்கம், சென்னை.